மரத்தில் செய்த சக்களத்தி

மண்ணில் பிடித்து வைத்தாலும் சக்களத்தி சக்களத்திதான் என்பார்கள். வெர்னிஸுக்கு வாய்த்த சக்களத்தியைப் பைன் மரத்தில் செய்திருந்தார்கள். வெள்ளை உடம்பு, பின்பக்கம் சாய்ந்த ஒற்றைப் பாய்மரம், மூக்கின் இரண்டு பக்கமும் பொன்னெழுத்தில் 'ரோவீனா பி.' என்று பெயர்.

செசபீக் விரிகுடாவில் சிப்பி வாரும் பாய்ப்படகுகளுக்குப் பெண் பெயர் வைப்பதுதான் வழக்கம். அம்மா பெயர் வைப்பார்கள், மனைவி பெயர் வைப்பார்கள். வெர்னிஸின் கணவன் எல்வுட்டின் படகுக்கு இருந்ததோ, அவனைக் கட்டிக்கொள்வதாகச் சொல்லிவிட்டுக் கட்டிக்கொள்ளாமல் போனவளின் பெயர்.

ரோவீனா பாஸ்மன், எவன்ஸ் முனை என்ற அந்தக் கரையூரிலேயே அழகி என்று பேர் வாங்கியவள். எல்வுட்டுக்கு அவன் அப்பா படகு கட்டிக் கொடுத்தபோது இருவருக்கும் நிச்சயம் ஆகியிருந்தது. பெயரை அவனே எழுதினான். அந்த முதல் குளிர்காலம் முடிவதற்குள், இன்சூரன்ஸ் விஷயமாகப் பால்டிமோரிலிருந்து வந்த குமாஸ்தா ஒருவனைக் கல்யாணம் செய்துகொண்டு அவள் நகரத்துக்குப் போய்விட்டாள். ஆள் போனாள், பெயர் போகவில்லை. படகின் பெயரை மாற்றினால் அது மூழ்கும் என்பது அந்தக் கரையில் வேதவாக்கு.

மூன்று வருஷம் கழித்து எல்வுட் வெர்னிஸைக் கட்டினான். அவளும் அந்த முனையின் பெண்தான். அப்பனும் அண்ணன்களும் சிப்பிக்காரர்கள். பெயர் விஷயம் தெரிந்துதான் கழுத்தை நீட்டினாள். பெயர்தானே, நாளடைவில் காதுக்குப் பழகிவிடும் என்று நினைத்தாள்.

பழகவில்லை. நவம்பரில் பருவம் தொடங்கினால் மார்ச் பாதிவரை ஊரெல்லாம் அந்தப் பெயர்தான். "ரோவீனா இன்னைக்கு எப்படி?" என்று கடைக்காரர் கேட்பார். "ரோவீனாவுக்கு அடியில கொஞ்சம் ஒழுகுது" என்று எல்வுட் சொல்வான். கோடை தொடக்கத்தில் ரோவீனாவைக் கரையேற்றிச் சுரண்டி, தேய்த்து, வண்ணம் பூசுவான். வீட்டின் பின்கதவு கீல் கழன்று ஒரு வருஷம் தொங்கியது; ரோவீனாவின் ஒரு ஆணி துருப்பிடிக்கப் பொறுக்க மாட்டான். செப்டம்பரில் நடக்கும் படகுப் பந்தயத்தில் ஒருமுறை அவன் முதலாவதாக வந்தான். 'எல்வுட்டும் ரோவீனாவும் வென்றனர்' என்று கொட்டை எழுத்தில் வந்தது பத்திரிகையில். வெர்னிஸ் அந்தத் தாளில் மீன் செதில் சுரண்டினாள்.

பந்தயத்தன்று மற்ற கேப்டன்களின் மனைவிகளெல்லாம் நல்ல உடுப்பு உடுத்திப் படகில் ஏறிப் போவார்கள். வெர்னிஸ் ஒரு தடவையும் ஏறியதில்லை. வயிறு குமட்டும் என்று சொல்லிக் கரையிலேயே நின்று கேக் விற்றாள். குமட்டியது உண்மைதான், வயிற்றில் அல்ல.

கல்யாணமான புதிதில் அவள் ஒரு வேலை செய்தாள். நீல நிறம் படகில் ஏறினால் கேடு என்பது அங்கே குழந்தைக்கும் தெரியும். ஒருநாள் காலை எல்வுட்டின் சாப்பாட்டைப் புத்தம் புது நீல வாளி ஒன்றில் வைத்துக் கொடுத்தனுப்பினாள். அரை இருட்டில் அவன் கவனிக்கவில்லை. விடிந்ததும் ஆட்கள் கூச்சல் போட்டு, சோள ரொட்டியும் பன்றி வறுவலுமாக வாளியோடு கடலில் எறிந்துவிட்டார்கள். மாலையில் பசியோடு வந்தவன் அவளைக் கேட்டான்.

"ஏன் வெர்னிஸ், கடையில வேற நிறமே இல்லையா?"

"இருந்துச்சு. எனக்கு இதுதான் பிடிச்சுது."

அவன் அவளைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தான். அவன் சண்டை போட்டிருந்தால்கூட அவளுக்கு ஆறியிருக்கும்.

வெர்னிஸ் சிப்பி பிளக்கும் கொட்டகையில் வேலை பார்த்தாள். குளிர்காலம் முழுக்க நின்றபடியே, கத்தி முனையை ஓட்டின் வாயில் செருகித் திருகி, சதையை அறுத்து வாளியில் போட வேண்டும். அவள் கை வேகம் பேர் போனது. பக்கத்துத் தடுப்பில் நின்றவள் ஐடெல்லா, தேவாலயப் பாடகர் குழுவின் பெரிய குரல், நாக்கு அதைவிடப் பெரிது. கொட்டகைக்கு வரும் சிப்பிக் குவியலைப் பார்த்தே எது யார் படகு என்று சொல்வாள்.

"இந்தா வந்துட்டா உன் சக்களத்தி, மடி நிறைய அள்ளிக்கிட்டு. பொளந்து போடு."

"பொளக்கத்தானே நிக்கிறேன்" என்பாள் வெர்னிஸ்.

அந்த வேலையில் அவளுக்கு ஒரு ருசி இருந்தது. ரோவீனா கொண்டு வந்ததைத்தானே பிளக்கிறோம் என்று கத்தியை ஒரு சுற்று கூடவே திருகுவாள். தேவாலயத்தில் முழங்காலிடும்போது, "ஆண்டவரே, அந்தப் படகை அவன் கண்ணிலிருந்து எடுத்துவிடும்" என்று ஒரு வரி சேர்த்துக்கொள்வாள்.

பிறகு சிப்பிகள் சாக ஆரம்பித்தன.

முதலில் விரிகுடாவின் தெற்கே என்றார்கள். மழை குறைந்து தண்ணீரில் உப்பு ஏறியதும் நோய் வடக்கே நகர்ந்தது. தின்பவர்களுக்கு அதனால் கெடுதல் இல்லை, சிப்பிக்குத்தான் சாவு. இரும்புப் பல் வைத்த வாரியை அடித்தரையில் இழுத்து மேலே தூக்கினால், வாய் பிளந்து உள்ளே சேறு நிறைந்த வெற்று ஓடுகள் வந்து கொட்டின. ஒரு காலத்தில் எவன்ஸ் முனைத் துறையில் படகுக்குப் படகு தாவியே அக்கரை போகலாம். இப்போது கேப்டன்கள் ஒவ்வொருவராகப் பாயைக் கழற்றி வைத்துவிட்டுத் தொழிலை விட்டார்கள். ஒருவர் படகைச் சதுப்பு ஓடையில் விட்டுவிட்டு வந்தார், அது அங்கேயே உட்கார்ந்து நாணலுக்குள் அழுகியது. அவர்கள் பிள்ளைகள், அரசாங்கம் புதிதாகக் கட்டிய சிறைச்சாலைக்குக் காவல் வேலைக்குப் போனார்கள். வெர்னிஸின் மகன் கர்ட்டிஸும் அதில் ஒருவன். கொட்டகைக்கு லூயிசியானாவிலிருந்து லாரியில் சிப்பி வந்தது.

"வேண்டிக்கிட்டியே, பலிச்சுடுச்சா?" என்றாள் ஐடெல்லா. விளையாட்டாகத்தான் சொன்னாள்.

"நான் ஒரு படகைத்தான் சொன்னேன். கடலையே எடுக்கச் சொல்லல."

"ஆண்டவருக்குக் காது கொஞ்சம் மந்தம்மா. பெருசாத்தான் கேட்கும்."

வெர்னிஸ் சிரித்தாள். ஆனால் அன்று அவள் கத்தி இரண்டு தடவை வழுக்கிக் கையில் இறங்கியது.

கடைசியில் துறையில் இரண்டு படகுதான் மிச்சம்: ரோவீனாவும், எல்வுட்டின் சிறுவயதுத் தோழன் டெல்மஸின் 'ஐடா மெர்ல்' என்ற படகும். ஆள் கிடைக்காமல் இவன் படகில் அவனும் அவன் படகில் இவனுமாகக்கூடப் போய்ப் பார்த்தார்கள். இரண்டு பேரும் மெலிந்தார்கள்.

ஒரு ஏப்ரல் மாலை சாப்பாட்டு மேசையில் எல்வுட் சொன்னான்.

"வித்துட்டேன்."

"எதை?"

"ரோவீனாவை. வடக்கே அருங்காட்சியகத்துக்காரங்க எடுத்துக்கிறாங்க. கரையில ஏத்தி, கூரை போட்டு வைப்பாங்களாம்."

வெர்னிஸ் எழுந்து போய்த் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டாள், முகம் அவனுக்குத் தெரியாமல் இருக்க. மறுநாள் எந்தக் காரணமும் சொல்லாமல் பத்தடுக்கு கேக் ஒன்று செய்தாள். அடுக்குக்கு அடுக்கு சாக்லேட் பாகு தடவிக்கொண்டிருந்தபோது அவன் சமையலறை வாசலில் வந்து நின்றான்.

"அங்க கொண்டுபோய் விடுறதுக்கு நாங்களே பாய் விரிச்சுப் போறோம். நானும் டெல்மஸும். அருங்காட்சியகத்துப் பையன் ஒருத்தன் வர்றான்."

"போயிட்டு வா."

"அந்தப் பையன் பேருக்குரியவளையும் தேடிக் கண்டுபிடிச்சிருக்கான். போட்டோ எடுக்கணுமாம். ரோவீனாவும் வர்றா."

கரண்டி நின்றது.

"எந்த ரோவீனா?"

"ரோவீனாதான். அவ புருஷன் போன வருஷம் தவறிட்டானாம்."

அடுத்த நாட்களில் வெர்னிஸ் அவனை வேவு பார்த்தாள். முடி வெட்டிக்கொண்டான். புதுத் தொப்பி வாங்கினான். வண்டியில் போகும்போது சீட்டி அடித்தான், அல்லது அடித்ததாக அவளுக்குக் கேட்டது. விதவையாகிவிட்டாள் என்று அவன் சொன்ன தொனியை அவள் மனதில் திருப்பித் திருப்பிப் போட்டுப் பார்த்தாள். அதில் வருத்தம் இருந்ததா, வேறு ஏதாவது இருந்ததா?

கிளம்பும் காலையில் அவள் புதிதாகச் செய்த கேக்கை டப்பாவில் வைத்துத் தூக்கிக்கொண்டு துறைக்கு நடந்தாள். எல்வுட் பாய்க் கயிறுகளை அவிழ்த்துக்கொண்டிருந்தான்.

"என்ன, வழியனுப்ப வந்தியா?"

"ஏற வந்தேன்."

டெல்மஸ் வாயிலிருந்த சுருட்டை எடுத்தான். கல்யாணமானவளையும் மரியாதைக்கு 'மிஸ்' என்பது அந்தக் கரை வழக்கம். "மிஸ் வெர்னிஸ், இந்தப் படகு முப்பது வருஷமா உனக்காகக் காத்துக்கிட்டிருந்துச்சு."

"காத்திருக்கட்டும்னுதான் விட்டேன்."

அப்போது அருங்காட்சியகத்துக் கார் வந்து நின்றது. நெல்சன் என்ற அந்த இளைஞன் இறங்கிப் பின்கதவைத் திறந்தான். வெர்னிஸ் மனதில் முப்பது வருஷமாக இருந்த ரோவீனாவுக்கு மஞ்சள் கூந்தலும் கொடி இடுப்பும் இருந்தன. காரிலிருந்து இறங்கியது வீங்கிய கணுக்காலும் கைத்தடியும் கொண்ட பெரிய உடம்புக்காரி. வெர்னிஸுக்கு ஒரு கணம் நிம்மதி. அடுத்த கணம் அந்தக் கைகளைப் பார்த்தாள். கைத்தடியைப் பிடித்திருந்த விரல்கள் வெள்ளையாக, பூப்போல, ஒரு கீறலும் இல்லாமல் இருந்தன. வெர்னிஸ் தன் தழும்பேறிய கைகளைக் கேக் டப்பாவுக்கு அடியில் வைத்துக்கொண்டாள்.

எல்வுட் ரோவீனாவைப் பார்த்தான். தொப்பியைத் தொட்டான்.

"படியில பாத்து ஏறு. வழுக்கும்."

அவ்வளவுதான் சொன்னான். வெர்னிஸ் அதையும் தராசில் போட்டாள். என்னிடம் ஒருநாளாவது பார்த்து ஏறு என்று சொல்லியிருக்கிறானா? தான் ஏறியதே இல்லை என்பது பிறகுதான் நினைவுக்கு வந்தது.

மேற்கிலிருந்து நல்ல கச்சான் காற்று. துறையைத் தாண்டியதும் பாய் புடைத்து, படகு ஒரு பக்கம் சாய்ந்து, தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போயிற்று. இரண்டு பெண்களும் படகின் சிறிய அறைக் கூரைமேல் பக்கத்தில் பக்கத்தில் உட்கார வேண்டியதாயிற்று, வேறு இடம் இல்லை. நண்பகலில் காற்று நின்றது. பாய் தொங்கிப்போய், விரிகுடா கண்ணாடியானது. பின்னால் கட்டியிருந்த சின்ன இயந்திரப் படகை இறக்கித் தள்ளிக்கொண்டு போகலாமே என்று நெல்சன் கேட்டான். "இவ தன் காலாலதான் போவா" என்று சொல்லிவிட்டான் எல்வுட்.

வெர்னிஸ் வேறு வழியில்லாமல் கேக்கை வெட்டினாள். ரோவீனா ஒரு துண்டு தின்று, இன்னொன்று கேட்டு வாங்கினாள்.

"அவன் தூக்கத்துல இன்னும் பல்லைக் கடிக்கிறானா?" என்று கேட்டாள்.

வெர்னிஸின் கத்தி கேக்கில் பாதியில் நின்றது. "அது உனக்கு எப்படித் தெரியும்?"

"முறைக்காதே. பள்ளிக்கூடத்துல எனக்குப் பின் பெஞ்சு. கணக்கு வகுப்பு பூரா தூங்குவான், நறநறன்னு."

வெர்னிஸுக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டாள். ரோவீனா விரலில் ஒட்டிய பாகை நக்கிவிட்டுத் தானாகவே பேசினாள்.

"இந்தப் படகால நான் பட்ட பாடு கொஞ்சமில்ல, தெரியுமா?"

"நீ பட்ட பாடா?"

"கோடையில இவங்கல்லாம் தர்பூசணி ஏத்திக்கிட்டு பால்டிமோர் வருவாங்கல்ல? எம் புருஷன் ஹோவர்டோட ஆபீஸ் துறைக்கு நேர் எதிர்ல. ஜன்னலைத் திறந்தா எம் பேரு, தங்கத்துல. கூலிக்காரன்லாம் கத்துவான், ரோவீனாவுல இன்னும் பழம் இருக்கா, ரோவீனா எப்ப காலியாகும்னு. ஹோவர்ட் ரெண்டு தெரு சுத்தித்தான் வீட்டுக்கு வருவாரு."

"வந்து உன்னை என்ன கேட்பாரு?"

"ஒண்ணும் கேட்க மாட்டாரு, அதான் கொடுமை. ஆனா வீட்டுக்குள்ள தர்பூசணி வரக்கூடாது. பிள்ளைங்க அழும். எந்தப் படகுல வந்த பழமோன்னு சொல்லிட்டு எழுந்து போயிடுவாரு. பேரை அழிக்கச் சொல்லி எல்வுட்டுக்குச் சொல்லி அனுப்பினேன். மூழ்கிடும்னு பதில் வந்துச்சு. ஹோவர்ட் சாகிற வரைக்கும் ஒரு துண்டு தர்பூசணி தின்னல."

வெர்னிஸ் தண்ணீரைப் பார்த்தாள். எங்கோ ஒரு நகரத்தில், தான் முகம் பார்த்திராத ஒரு மனிதன், தன்னைப் போலவே இந்தப் பொன்னெழுத்துகளை நினைத்து நினைத்து வெந்திருக்கிறான். உலகத்தில் தன்னைப் புரிந்துகொண்டிருக்கக்கூடிய ஒரே ஆள் செத்துப் போய்விட்டான் என்று அவளுக்குத் தோன்றியது. அவனுக்காக உண்மையாகவே மனம் கனத்தது. அதே சமயம், பக்கத்தில் இருப்பவள்மேல் இருந்த கோபமும் போய்விடவில்லை. ஒரு பெயரை வைத்துக்கொண்டு இரண்டு குடும்பத்தை வாட்டியவள் இன்னொரு துண்டு கேக்குக்குத் தட்டை நீட்டிக்கொண்டிருந்தாள்.

பிற்பகலில் வடக்கே வானம் கறுத்தது. டெல்மஸ்தான் முதலில் பார்த்தான். அவன் வாய் திறப்பதற்குள் வாடை அறைந்தது. பெரும்பாய் படாரென்று மறுபக்கம் வீசியது. கேக் டப்பா உருண்டு கடலில் போயிற்று. டெல்மஸும் நெல்சனும் பாயை இறக்க முன்னால் ஓடினார்கள். படகு சாய்ந்து, விளிம்புக்கு மேல் தண்ணீர் ஏறியது. பெண்கள் இருவரும் கூரைக் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு, பிறகு ஒருவரை ஒருவர் பற்றிக்கொண்டார்கள்.

எல்வுட் சுக்கான் சக்கரத்தில் முழு உடம்பையும் சாய்த்து நின்றான். தொப்பி பறந்துவிட்டது.

"ரோவீனா" என்றான். "ரோவீனா, கண்ணே, திரும்பும்மா. பயப்படாதே. நான் இருக்கேன்ல, திரும்பு. என் தங்கம்ல, கொஞ்சம், இன்னும் கொஞ்சம்."

இரண்டு பேரும் திரும்பிப் பார்த்தார்கள். அவன் கண் அவர்கள் பக்கம் இல்லை. அவன் உதடு சக்கரத்தின் மரத்தில் படுகிற மாதிரி குனிந்திருந்தான். வெர்னிஸ் அந்தக் குரலை அதற்குமுன் கேட்டதே இல்லை. கல்யாண இரவில் கேட்டதில்லை. கர்ட்டிஸ் பிறந்தபோது அவள் வலியில் துடித்த அன்றும் கேட்டதில்லை.

படகு மெல்ல நிமிர்ந்து, மூக்கைக் காற்றுக்குத் திருப்பியது.

"என்னைக் கூப்பிடல" என்றாள் ரோவீனா, மழை வழியும் முகத்தோடு.

"இல்ல. என்னையும் இல்ல."

"நிச்சயம் ஆகி ஆறு மாசம் கைகோத்துத் திரிஞ்சோம். ஒரு நாள் இப்படிக் கூப்பிட்டதில்ல." கொஞ்சம் பொறுத்து, "எனக்கு இப்பப் பொறாமையா இருக்கு. இந்த வயசுல" என்றாள்.

வெர்னிஸ் தன் மழைக்கோட்டின் ஒரு பக்கத்தை விரித்து அவள் தோளையும் சேர்த்து மூடினாள். பிடிக்காதவள்தான், ஆனால் நடுங்கிக்கொண்டிருந்தாள்.

அந்தி சாயும்போது அருங்காட்சியகத் துறையில் கட்டினார்கள். மறுநாள் வெயிலில் போட்டோ எடுத்தார்கள். பெயர்ப் பலகைக்கு ஒரு பக்கம் எல்வுட், மறுபக்கம் ரோவீனா. வெர்னிஸ் கூட்டத்தோடு நின்று பார்த்தாள். எதிர்பார்த்த இடத்தில் வலிக்கவில்லை. பாரந்தூக்கி வந்து படகைத் தண்ணீரிலிருந்து தூக்கியபோது எல்வுட் கூடவே நடந்தான், ஆஸ்பத்திரித் தள்ளுவண்டியோடு நடப்பவனைப் போல. அடிப்பலகையிலிருந்து தண்ணீர் சொட்டுவது நிற்கும்வரை உள்ளங்கையை அதன்மேல் வைத்துக்கொண்டு நின்றான். வலித்தது அப்போதுதான்.

குளிர்காலம் வந்தது. கேட்டது கிடைத்துவிட்டது: புருஷன் நாள் முழுக்க வீட்டில். பின்கதவைச் சரிசெய்தான். கூரையைச் சரிசெய்தான். பிறகு செய்ய ஒன்றுமில்லாமல் ஜன்னலோரம் உட்கார்ந்து மரக்கிளைகள் ஆடுவதைப் பார்த்தான். ஞாயிறுதோறும் அருங்காட்சியகத்துக்கு டெலிபோன் செய்து, கூரை ஒழுகுகிறதா, எலி வருகிறதா என்று நெல்சனைக் கேட்டான். மனைவியை இழந்த ஆண்களை வெர்னிஸ் பார்த்திருக்கிறாள். இப்படித்தான் இருப்பார்கள். நான் உயிரோடு இருக்கும்போதே என் வீட்டில் தாரமிழந்தவன் ஒருவன் உட்கார்ந்திருக்கிறான் என்று ஐடெல்லாவிடம் சொன்னாள்.

"அப்ப கடலுக்கே துரத்து" என்றாள் ஐடெல்லா.

வெர்னிஸே டெல்மஸின் வீட்டுக்குப் போய்க் கதவைத் தட்டினாள். ஆள் இல்லாமல் ஐடா மெர்ல் பாதி நாள் துறையிலேயே கிடந்தது.

"அவனைக் கூட்டிக்கிட்டுப் போ."

"கேப்டனா இருந்தவன், எங்கிட்ட கூலியாளா வருவானா?"

"வருவான். நீ கேட்டதாச் சொல்லு. நான் வந்தது அவனுக்குத் தெரியவேண்டாம்." வாசலில் நின்று தயங்கிவிட்டு, "அந்த ஐடா மெர்ல் யாரு?" என்று கேட்டாள்.

டெல்மஸ் கண்ணை மூடித் திறந்தான். "எங்க தாத்தாவோட அத்தை. செத்து எழுபது வருஷத்துக்கு மேல ஆச்சு, மிஸ் வெர்னிஸ்."

"சும்மாதான் கேட்டேன்."

எல்வுட் போனான். மண்டியிட்டு, சின்னச் சிப்பிகளைப் பொறுக்கித் திரும்பக் கடலில் எறிகிற வேலை, முன்பு அவன் மற்றவர்களுக்குக் கொடுத்த வேலை. அது பெரிதாக ஒன்றும் கிடைக்காத பருவம். டெல்மஸும் அடுத்த வருஷம் நிறுத்திவிடப் போவதாகச் சொல்லிக்கொண்டிருந்தான். ஆனால் எல்வுட்டுக்குப் பசி திரும்பியது. மாலையில் முழங்கால் வலிக்கிறது என்று முனகியபடி நன்றாகத் தூங்கினான், பல்லைக் கடித்துக்கொண்டு.

ஒரு சனிக்கிழமை ஒரு வாளிச் சிப்பியோடு வந்தான். கொட்டகை அந்தக் குளிர்காலம் திறக்கவே இல்லை, அதனால் வெர்னிஸுக்குக் கை ஊறிக்கொண்டிருந்தது. பின்வாசல் படியில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பிளந்தாள். பிஸ்கோத்தோடு வைத்து இரண்டு பேரும் பச்சையாகவே தின்றார்கள். சிப்பி கொழுத்திருந்தது, உப்புத் தூக்கலாக.

"டெல்மஸ் படகு இடப்பக்கமா இழுக்குது" என்றான் எல்வுட். "எவ்வளவு பிடிச்சாலும் நிக்கல. ரோவீனா அப்படியில்ல. சொன்னாக் கேட்பா."

வெர்னிஸின் கத்தி ஓட்டின் வாயில் நின்றது.

"எந்த ரோவீனா?"

"படகுதான், வெர்னிஸ். வேற யாரு?"

அவள் கத்தியை ஒரு சுற்று கூடவே திருகினாள்.

"மனுஷியா இருந்தா மன்னிச்சிருப்பேன்" என்றாள்.